மூஞ்சி உங்களுது, படம் என்னுது

உள்ளறையில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் நின்றது. தொண்டையைச் செருமும் ஒலி. பிறகு மறுபடியும் அதே சிரிப்பு, முன்னதைவிட ஒரு சுதி கூடுதலாக.

அடுப்படியில் டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திக் காது கொடுத்தாள். உள்ளே அவள் கணவனைத் தவிர யாரும் இல்லை.

"என்னங்க, யாருகூட சிரிச்சிட்டிருக்கீங்க?"

"கண்ணாடி கூட."

"எதுக்கு?"

"வர்றவங்க கேட்டா சிரிச்சுக் காட்டணுமில்ல? படத்துல இருக்கறது நான்தான்னு எப்படி நம்புவாங்க? ஒத்திகை பாக்கறேன்."

"படத்துல இருக்கறது யாருன்னு ஒருத்தரும் சண்டை போடல. எடுத்தது யாருன்னுதான் சண்டையே."

முன்னறையில் காலை நீட்டி உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்த நாத்தனார் தலையைத் தூக்காமலே குரல் கொடுத்தாள். "விடுங்க அண்ணி. எங்கண்ணன் ஊருக்கே போஸ்டர்ல சிரிச்சவரு. இனிமே வீட்டுல சும்மா சிரிப்பாரா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. துடைத்த டம்ளரையே மறுபடியும் துடைத்தாள். இன்னும் சற்று நேரத்தில் விளம்பர நிறுவனத்திலிருந்து ஒருத்தி வருவாள். அந்தப் படத்தை எடுத்தது தான்தான் என்று இன்றைக்கு நிரூபித்தாக வேண்டும். இல்லையென்றால் அது என்றைக்குமே வேறொருவருடைய படமாகிவிடும்.

சட்டை தைக்கும் ஆலையில் அவளுக்குச் செக்கிங் வேலை. நீள மேசை, தலைக்கு மேல் இரட்டைக் குழல் விளக்கு, கழுத்தில் நாடா கட்டித் தொங்கும் குட்டிக் கத்தரி, விரல் நுனியில் எப்போதும் ஒட்டியபடி இருக்கும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். சட்டைகள் வந்து விழ விழ, காலர், கைப்பட்டை, பொத்தான் துளை, உள்மடிப்பு என்று அவள் கண் ஓடும். தையல் எங்காவது தாவியிருந்தால் அங்கே ஓர் அம்பை ஒட்டி, ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிடுவாள். நாள் முழுக்கக் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். "கம்பெனியில பாக்கற வேலைய அண்ணி வீட்டுலயும் பாத்திருந்தா எங்கண்ணன எப்பவோ ரிஜெக்ட் பெட்டியில போட்டிருப்பாங்க" என்பாள் நாத்தனார்.

அப்படிப்பட்டவள் கையில் போனை எடுத்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவாள். வீட்டில் யார் எது செய்தாலும் அவளுக்குப் படம் எடுக்க வேண்டும். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லப்போவதாகப் பாவனை செய்வாள், ஒன்றிலேயே அமுக்கிவிடுவாள். மூன்றுவரை விட்டால் மனிதர்கள் விறைத்துப்போய் அடையாள அட்டைப் படம் மாதிரி ஆகிவிடுகிறார்கள் என்பது அவள் கண்டுபிடிப்பு. அதனால் அவள் படங்களில் பாதி மங்கலாக இருக்கும். தலை வெட்டுப்பட்டிருக்கும். ஒரு கண் மூடியிருக்கும். எல்லாவற்றையும், ஆமாம், ஒன்று விடாமல் எல்லாவற்றையும், குடும்பக் குழுவில் அனுப்பிவிடுவாள்.

"பட மழை ஆரம்பிச்சிருச்சு, குடை எடுத்துக்குங்க" என்று யாராவது அதன் கீழே எழுதுவார்கள். அவள் கொழுந்தன் அந்தக் குழுவின் சத்தத்தையே அணைத்து வைத்துவிட்டான். "நல்லா இருக்கறத மட்டும் அனுப்பினா என்னம்மா?" என்று மகள் கேட்டதற்கு, "பகல் பூரா தள்ளித் தள்ளிப் போடறேன். வீட்டுலயும் வந்து அதையே பண்ணணுமா?" என்றாள்.

கணவன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். கடகடவென்று பேசுகிற மனிதன். ஆனால் படம் என்று வந்தால் வாயை இறுக மூடிக்கொள்வான். மேல் வரிசையில் முன்பல் ஒன்று இல்லை. மகள் பிறந்த அன்று அவன் பேருந்துக்கு அடியில் மல்லாந்து படுத்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தான். "பொண்ணு பொறந்திருக்குடா" என்று யாரோ வாசலிலிருந்து கத்த, அவன் கை உதற, ஸ்பேனர் நேராக வாயில் விழுந்தது. ரத்தம் வழிய வழிய மருத்துவமனைக்கு ஓடி வந்தவனைப் பார்த்து நர்ஸ்கள் வேறு வார்டுக்கு வழி காட்டினார்களாம். "இந்த ஓட்டை வழியாத்தான் என் பொண்ணு உலகத்துக்கு வந்தா" என்று வேடிக்கையாகச் சொல்வான். சொல்லும்போதே கை வாயை மறைக்கும். அந்தக் கையை எடுக்கவைக்க அவள் எத்தனையோ வருடம் போராடியிருக்கிறாள். கல்யாண வீட்டுப் படங்கள், மகள் பட்டம் வாங்கிய படம், எல்லாவற்றிலும் அவன் உதடு தைத்துவைத்தது போலத்தான் இருக்கும்.

பணிமனை விளையாட்டு விழாவில்தான் அது நடந்தது. கயிறு இழுக்கும் போட்டி. முதல்நாள் மழையில் மைதானம் சேறாகிக் கிடந்தது. இவன் அணி தோற்று, கயிறு கையை விட்டு நழுவ, அத்தனை பேரும் பின்னால் சாய்ந்து சேற்றில் விழுந்தார்கள். எழுந்திருக்கத் தெம்பில்லாமல், மார்புவரை சேறாக, வானத்தைப் பார்த்து அவன் வாய்விட்டுச் சிரித்தான். கை இரண்டும் சேற்றில் ஊன்றியிருந்தன. மறைக்க வழியில்லை. அந்த ஓட்டைப் பல் தெரிய, கண்கள் சுருங்கிக் காணாமல்போக, பத்து வயதுப் பையனைப் போலச் சிரித்தான். அவள் ஒன்று என்றுகூடச் சொல்லவில்லை. அமுக்கிக்கொண்டே போனாள்.

வழக்கம்போல அங்கேயே நின்று எல்லாவற்றையும் குடும்பக் குழுவில் கொட்டினாள். ஒன்று மட்டும் தெளிவாக வந்திருந்தது. அதைப் பணிமனைக்காரர்கள் விழாப் படங்களைப் பகிரும் இணையப் பக்கத்திலும் போட்டாள். நிறையப் பேருக்குப் பிடித்தது. அவளுக்கு ஒரு வாரம் கால் தரையில் பாவவில்லை.

பிறகு ஒருநாள், வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போன் செய்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு எப்ப பல்லு கட்டினீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"பல்லா? எந்தப் பல்லு?"

மகள் அனுப்பிய படத்தைத் திறந்தாள். ஒரு பல் மருத்துவமனையின் விளம்பரம். 'மனம் விட்டுச் சிரியுங்கள்' என்ற எழுத்துக்குக் கீழே அவள் கணவன். அதே சேறு, அதே வானம், அதே சுருங்கிய கண்கள். ஆனால் ஓட்டை இருந்த இடத்தில் முத்து மாதிரி ஒரு பல்லை வைத்திருந்தார்கள்.

மறுநாள் பெரிய சாலையின் வளைவிலும் அதே படம் ஆளுயரத்துக்கு நின்றது. அவன் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதன் முன்னால் சைக்கிளை நிறுத்திப் பார்த்தான். பணிமனையில் அவனுக்கு 'ஹீரோ' என்று பட்டம் வைத்தார்கள்.

"நீ எதுக்கு மூஞ்சத் தூக்கி வச்சிருக்க? என் மூஞ்சிய ஊரே பாக்குது. பெருமைதான?"

"என்னைக் கேட்டாங்களா?"

"என் மூஞ்சிக்கு உன்னை எதுக்குக் கேக்கணும்?"

அவள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "மூஞ்சி உங்களுது. படம் என்னுது."

அவன் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்போது, "உன்னுதுன்னா அதுக்கு என்ன பண்ணணும்?" என்று மட்டும் கேட்டான்.

மகள் போனிலேயே வழி சொல்லிக்கொடுத்தாள். போனை யார் வாங்கினார்கள், படத்தில் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் இதில் கணக்கில்லை. வேலைக்காக எடுத்துக் கொடுத்தால்தான் வேறு கதை, நமக்காக நாம் எடுத்தால் எடுத்தவருக்குத்தான் உரிமை. இணையத்தில் பகிர்ந்துவிட்டதால் அது ஊர்ச் சொத்தாகிவிடாது என்றாள். விளம்பரம் வந்த இணையப் பக்கத்தில் புகார் கொடுத்தார்கள். விளம்பரம் மறைந்தது. இரண்டொரு நாளில் திரும்ப வந்தது. மருத்துவமனைக்கு விளம்பரம் செய்துகொடுத்த நிறுவனம், அந்தப் படத்தை ஸ்டுடியோக்காரரிடம் முறைப்படி வாங்கியதாகச் சொல்லிவிட்டது. விழாவைப் படம் பிடிக்கப் பணிமனை ஏற்பாடு செய்திருந்த அதே ஸ்டுடியோக்காரர். அவரைக் கேட்டால், "அந்த விழாவுல எடுத்த எல்லாப் படமும் என்னுதுதான்" என்று அடித்துப் பேசினார். ஆதாரம் இருந்தால் காட்டுங்கள் என்றார்கள் விளம்பர நிறுவனத்தார்.

ஆதாரத்துக்கு எங்கே போவாள்? படம் எடுத்த போன் துணி ஊறவைத்த வாளியில் விழுந்து உயிரை விட்டு மாதங்களாகின்றன. அதிலிருந்த எதுவும் மீளவில்லை. இணையத்தில் இருப்பதோ அந்த ஒற்றைப் படம். அதுதான் ஸ்டுடியோக்காரரிடமும் இருக்கிறதே. குடும்பக் குழுவில் தேடச் சொல்லி ஒவ்வொருவரையும் கேட்டாள். கொழுந்தன் அழித்துவிட்டான். கணவன் போனில் இடம் இல்லை என்று அவனும் அழித்துவிட்டான். மகள் போன் தானாகவே அழித்துவிடுமாம். அன்று இரவு அவள் சாப்பிடாமல் படுத்தாள். தன் வீட்டாரே தன் படங்களை ரிஜெக்ட் பெட்டியில் போட்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு அவளைத் தூங்கவிடவில்லை.

மிச்சம் இருந்தது நாத்தனார் மட்டும்தான். எதையும் தூக்கிப் போடாதவள் என்பதால் வீட்டில் அவளுக்குக் 'குடோன்' என்று பெயர். உடைந்த குடையிலிருந்து பழைய பில் வரை எல்லாம் அவளிடம் இருக்கும். அவள் போன் எப்போதும் நிரம்பி வழிந்து, ஒரு அழைப்பை எடுக்கவே அரை நிமிடம் யோசிக்கும்.

"இருக்கு அண்ணி," என்றாள் அவள், மிகச் சாதாரணமாக. "நீங்க அனுப்பின எல்லாக் கண்றாவியும் இருக்கு. எதை அழிக்கறதுன்னு உக்காந்து பாக்க எனக்கு ஏது நேரம்?"

அந்தத் தைரியத்தில்தான் விளம்பர நிறுவனத்தை இன்றைக்கு வரச் சொல்லியிருந்தாள். வாசலில் அழைப்புமணி அடித்தது.

வந்தவளுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். தோளில் பை, கையில் ஹெல்மெட். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். கணவன் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, அவள் கேட்காமலேயே சிரித்துக் காட்டினான்.

"சார், உங்கள எனக்குத் தெரியாதா? மூணு மாசமா உங்க மூஞ்சியத்தான் பாத்திட்டிருக்கேன்," என்றாள் வந்தவள். பிறகு இவள் பக்கம் திரும்பினாள். "அக்கா, நான் நேராவே சொல்லிடறேன். ஆஸ்பத்திரியோட புதுக் கிளையில இதே படத்தைச் சுவர் முழுக்கப் போடப் போறாங்க. அதுக்கு முன்னால யாருதுன்னு தெளிவாகணும். நான் யாரு பக்கமும் இல்ல. உங்ககிட்ட என்ன இருக்கு?"

நாத்தனார் தன் போனை நீட்டினாள். "மெதுவாத் தள்ளுங்க. வேகமாத் தள்ளினா அது மயக்கம் போட்டுரும்."

வந்தவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் புருவம் சுருங்கிக்கொண்டே போனது. சேற்றில் ஒரு கால். பாதி வானம். கயிற்றின் நுனி. பேயைப் போல இழுபட்ட ஒரு முகம். "என்னக்கா, ஒண்ணும் தெரியலயே. எல்லாம் மங்கலா இருக்கு."

"ஆமா, மங்கல்தான்," என்றாள் இவள். "நல்லா வந்த படத்தை யாரு வேணாலும் எடுத்து வச்சுக்கலாம்மா. கெட்டுப்போன படத்தை எவன் திருடுவான்? அது எடுத்தவகிட்டதான இருக்கும். அந்தத் தெளிவான படத்துக்கு முன்னாடி இருக்கறதையும், பின்னாடி இருக்கறதையும் பாருங்க. எல்லாம் என் பேருலதான் வந்திருக்கு. அதே நேரம்."

வந்தவள் மறுபடியும் முன்னும் பின்னும் தள்ளினாள். விழுவதற்கு முன் அவன் முகம், விழும்போது, சிரிக்கத் தொடங்கும்போது, நடுவே அந்தத் தெளிவான படம், பிறகு அவன் எழுந்திருக்க முயன்று மறுபடி வழுக்குவது. ஒரு சிரிப்பு பிறந்து வளர்ந்து அடங்குவது வரை வரிசையாக இருந்தது.

அவன் நாற்காலியை இழுத்துக்கொண்டு அருகே வந்து எட்டிப் பார்த்தான். இந்த மங்கல் படங்களை அவன் இதுவரை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. அடுத்த படத்தில் அவன் விரல் நின்றது.

"இருங்க, இருங்க. எனக்குப் பின்னால நிக்கறது யாரு?"

கலங்கலாக ஓர் உருவம். முதுகு காட்டி, ஏதோ ஒன்றின் மேல் ஏறி, கைகளை முகத்துக்கு முன்னால் தூக்கியபடி.

"மடக்கு ஸ்டூலு," என்றான் அவன். "ஊர்ல எந்த விசேஷத்துக்குப் போனாலும் அந்த ஸ்டூலத் தூக்கிட்டுத்தான வருவாரு. ஆளு குட்டை. அது மேல ஏறித்தான் எடுப்பாரு. இது நம்ம ஸ்டுடியோக்காரரு முதுகு."

வந்தவள் தன் போனை எடுத்து ஓர் எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"சார், பணிமனை விழாவுல கயிறு இழுத்தாங்கல்ல, அப்ப நீங்க எந்தப் பக்கம் நின்னு எடுத்தீங்க?"

"ஜெயிச்ச பக்கம்தான்," என்றது ஸ்டுடியோக்காரர் குரல், கொஞ்சமும் யோசிக்காமல். "தோத்தவங்கள யாரும்மா எடுப்பா?"

"நான் எடுத்தேன்," என்றாள் இவள்.

வந்தவள் போனை வாய்க்கு அருகே கொண்டுவந்தாள்.

"சார், தோத்த பக்கத்துப் படத்துல உங்க முதுகு இருக்கு," என்றாள் வந்தவள் நிதானமாக.

"அது வந்தும்மா... பணிமனையோட இணையப் பக்கத்துல எல்லாரும் போட்ட படத்தையும் எறக்கி என் படத்தோட ஒரே இடத்துல வச்சிருந்தேன். கலந்துபோச்சு. நீங்க கேட்டப்ப அதுல இருந்து குடுத்துட்டேன். அதுக்கப்புறம் எப்படி இல்லன்னு சொல்றதுன்னு..." குரல் தேய்ந்தது. "அக்கா பக்கத்துல இருக்காங்களா? அந்தப் படம் அவங்களுதுதான். என்னை மன்னிக்கச் சொல்லுங்க."

போனை அணைத்துவிட்டு வந்தவள் ஒரு காகிதத்தில் ஏதோ எழுதினாள். நாத்தனார் அண்ணியின் தோளைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். "இனிமே யாராவது என் போனைக் குப்பைத்தொட்டின்னு சொல்லட்டும், பேசிக்கறேன்."

"அக்கா, படம் உங்களுது. அதுல இனிமே பேச்சே இல்ல," என்றாள் வந்தவள். "இப்ப நான் உங்ககிட்டதான் அனுமதி கேக்கணும். கீழ உங்க பேரப் போடறோம். உரியதையும் குடுக்கறோம். இன்னொண்ணு, இது டாக்டர் சொல்லி அனுப்பினது. சாருக்கு நெஜமாவே அந்தப் பல்லக் கட்டிக் குடுத்துடறேன்னாரு. படத்துல இருக்கற மாதிரியே."

கணவன் நாக்கு தானாகவே அந்த ஓட்டையைத் தேடிப் போனது. இவள் அதைப் பார்த்தாள்.

"பேரு போட்டா, அந்தப் பல்ல எடுத்துருவீங்களா?" என்று கேட்டாள்.

வந்தவள் சங்கடத்தோடு சிரித்தாள். "பல் ஆஸ்பத்திரி விளம்பரத்துல பல் இல்லாம எப்படிக்கா?"

"அப்ப வேணாம்மா."

"அக்கா, சுவர் பூரா வரும். உங்க பேரோட."

அவள் எழுந்து போய்க் கணவனுக்குப் பக்கத்தில் நின்றாள். பேசத் தொடங்கியபோது கண் கலங்கியது, துடைக்கவில்லை. "எங்க பொண்ணு பொறந்த சேதி கேட்டு ஒடைஞ்ச பல்லு அது. இத்தனை வருஷமா இவரு அதக் கையால மூடிக்கிட்டே இருந்தாரு. அன்னிக்கு ஒரு நாள்தான் மூட மறந்தாரு. நான் படம் எடுத்ததே அந்த ஓட்டைக்குத்தான். அதை அடைச்சிட்டா அது என் படமே இல்ல. பேரப் போட்டு என்ன பண்ண?" பிறகு கணவனைப் பார்த்தாள். "பல்லு உங்களுது. கட்டணும்னா நாளைக்கே போய்க் கட்டிக்குங்க, நானே கூட வரேன். படத்துல மட்டும் கட்ட விடமாட்டேன்."

போஸ்டரும், சாலை வளைவும், ஹீரோ பட்டமும் அவன் கண் முன்னால் ஒருமுறை வந்து போயிருக்க வேண்டும்.

"கட்டினா மெல்லறதுக்கு நல்லாத்தான் இருக்கும்," என்றான் வந்தவளிடம். "வேணும்னா நானே சம்பளத்துல கட்டிக்கறேன்மா. அந்த போஸ்டர எறக்கிடுங்க. தெனமும் பாத்துப் பாத்து, அதுல இருக்கறது என் தம்பி மாதிரி எனக்கே தோண ஆரம்பிச்சிருச்சு." நாத்தனாரின் போனை எட்டி வாங்கினான். "இந்த மங்கலெல்லாம் நான் பாத்ததே இல்ல. இவ அனுப்புவா, நான் அழிச்சிருவேன். இப்பத்தான் பாக்கறேன். நான் விழறதுல இருந்து எந்திரிக்கற வரைக்கும் ஒருத்தி கண்ண எடுக்காம பாத்திட்டிருந்திருக்கா."

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தும்மல் வருது" என்றாள்.

வந்தவள் காகிதத்தை நீட்டினாள். படத்துக்கு உரியவர் அனுமதி தரவில்லை, எல்லா இடங்களிலிருந்தும் அதை நீக்குகிறோம் என்று எழுதியிருந்தது. உரியவர் என்ற இடம் காலியாக இருந்தது. "என் பேரையும் சேத்து எழுதணுமா?" என்றான் கணவன், உதவி செய்கிற எண்ணத்தோடு. "வேணாம் சார், எடுத்தவங்க பேரு மட்டும்" என்றாள் வந்தவள். இவள் பேனாவை வாங்கி, நிறுத்தி, நிதானமாக, தன் பெயரை முழுசாக எழுதினாள். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தாள். அம்பு ஒட்டும்படி அதில் எந்தக் குறையும் இல்லை.

வாசலில் வந்தவள் செருப்பில் காலை நுழைத்து, ஹெல்மெட்டைத் தேடித் திரும்பினாள்.

"அப்படியே இரும்மா. ஒண்ணு..." என்றாள் இவள், போனைத் தூக்கியபடி.

"சரி, ரெண்டு, மூணு சொல்லுங்க."

"எடுத்தாச்சு."

"நல்லா வந்திருக்கா?"

"மங்கல்."

"அழிச்சிடுங்கக்கா."

"அழிக்க மாட்டேன். ஆனா உன்னைக் கேக்காம எங்கயும் போடமாட்டேன்."

வந்தவள் சிரித்துக்கொண்டே படியிறங்கினாள். கதவுப் பக்கத்தில் நின்றிருந்த கணவனும் சிரித்தான். காலையில் கண்ணாடி முன்னால் எத்தனை முயன்றும் வராத சிரிப்பு அது. கை வாய்ப்பக்கம் போகவில்லை. தெருவில் வண்டி கிளம்பும் சத்தம் தேய்ந்து மறைந்ததும், சிரித்த வாயை மூடாமலேயே அவன் கதவை மூடினான்.